சுற்றுலா மேலாண்மைப் பட்டம்: பாடத்திட்டமும் சீசனும்

2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு 49 கோடிக்கும் மேற்பட்ட உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வந்ததாக இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரம் கூறுகிறது. அதே ஆண்டில் மாநிலத்துக்கு வந்த வெளிநாட்டவரின் எண்ணிக்கை ஏறத்தாழ 68 லட்சத்து 66 ஆயிரம். செய்தித்தாளில் இதைப் படிப்பவர் பெருமைப்பட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். சுற்றுலா மேலாண்மை படிக்க வந்த மாணவர் அப்படிப் போய்விட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையே சுமார் 7 கோடியே 21 லட்சம்தான் என்னும்போது, 49 கோடிப் பேர் எங்கிருந்து வந்தார்கள், எங்கே தங்கினார்கள், யார் அவர்களை எண்ணினார்கள் என்ற கேள்விகள் அவருக்குத் தோன்ற வேண்டும். அவை தோன்றாத மாணவருக்கு மூன்றாண்டுப் பட்டம் பெரிதாக எதையும் கொடுத்துவிடாது என்பது என் கருத்து.

விடை கடினமானதன்று. அந்த அட்டவணையில் எண்ணப்படுவது ஆட்கள் அல்லர், வருகைகள். மாநிலச் சுற்றுலாத் துறைகள் பெரும்பாலும் தங்குமிடங்களிலிருந்து பெறும் மாதக் கணக்குகளைத் தொகுத்து அனுப்புகின்றன. ஒரே குடும்பம் ராமேசுவரத்தில் ஒரு நாள், மதுரையில் ஒரு நாள், பழனியில் ஒரு நாள் என்று தங்கினால் ஒவ்வோர் ஊரின் கணக்கிலும் அது ஏறிவிடும். வெளிநாட்டவர் கணக்கில் இந்த இரட்டிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். 2019-இல் குடியேற்றச் சோதனையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சம் பேர். ஆனால் எல்லா மாநிலங்களும் காட்டிய வெளிநாட்டவர் வருகைகளைக் கூட்டினால் 3 கோடியே 14 லட்சம் வருகிறது. அதாவது, ஒருவர் சராசரியாக ஏறத்தாழ மூன்று முறை கணக்கில் இடம்பெற்றிருக்கிறார். இரண்டு எண்களும் பொய்யல்ல. இரண்டும் வேறு வேறு பொருள்களை அளக்கின்றன. எது எதை அளக்கிறது என்று அறிவதே இந்தத் துறையின் அடிப்படை.

அடுத்து வருவது, யாரைப் பயணி என்று சொல்வது என்ற கேள்வி. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வரையறைப்படி, தாம் வழக்கமாகப் புழங்கும் சூழலை விட்டு வெளியே சென்று, ஓராண்டுக்கும் குறைவான காலம் இருந்து, சென்ற இடத்தில் உள்ள எவரிடமும் வேலைக்கு அமர்வதைத் தவிர வேறு எந்த முதன்மை நோக்கத்தோடு வந்தவரும் வருகையாளரே. ஓர் இரவாவது தங்கினால் அவர் சுற்றுலாப் பயணி. அன்றே திரும்பிவிட்டால் ஒருநாள் வருகையாளர். மதுரையிலிருந்து காலையில் கிளம்பிப் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புபவரும், வேலூர் மருத்துவமனைக்கு வங்கதேசத்திலிருந்து வந்து பத்து நாள் அறை எடுத்துத் தங்குபவரும், வேளாங்கண்ணிக்குப் பல நாள் நடந்து வருபவரும் ஒரே பாடத்தின் வெவ்வேறு பத்திகளுக்குள் வருகிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். தமிழில் சுற்றுலாவைப் பற்றி எழுதப்படும் முன்னுரைகள் பலவும் ஆற்றுப்படை இலக்கியத்திலிருந்து தொடங்குவதையும், பரிசில் நாடி வழிநடந்த பாணரை முதல் சுற்றுலாப் பயணியாகக் கொண்டாடுவதையும் காணலாம். பாடிப் பொருள் பெறுவதற்காக வள்ளலின் ஊருக்குப் போனவர் மேற்கண்ட வரையறைக்குள் நுழைவாரா என்பதே ஐயத்துக்குரியது. அவரைத் தொழில்முறைக் கலைஞர் என்று சொல்வதுதான் பொருத்தமாக இருக்கும்.

இந்தப் படிப்பு நம் கல்லூரிகளுக்கு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் இன்றைய சாய்வும் விளங்கும். 1945-இல் ஜான் சார்ஜென்ட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, இந்தியாவில் சுற்றுலாவை வளர்க்கத் தனி அமைப்பு தேவை என்று பரிந்துரைத்தது. 1958-இல் மத்திய அரசில் சுற்றுலாவுக்கெனத் தனித் துறையும், 1966-இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும், 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் தோன்றின. ஓட்டல்களும் பேருந்துச் சுற்றுகளும் முதலில் வந்தன. அவற்றை நடத்துபவர்களுக்கான படிப்பு பின்னால்தான் வந்தது. 1983-இல் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் தொடங்கப்பட்டது. குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்துக்குப் புவனேசுவரம், நொய்டா, கோவா, நெல்லூர் ஆகிய ஊர்களிலும் வளாகங்கள் உண்டு. தமிழ்நாட்டு மாணவருக்கு அருகிலிருப்பது நெல்லூர். கலைக் கல்லூரிகளுக்குள் இப்பாடம் பரவலாக நுழைய வழிவகுத்தது வேறொரு திட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 1994-95-இல் இளநிலைப் பட்டப்படிப்புக்குள் தொழில்சார் பாடங்களைப் புகுத்தியபோது, சுற்றுலா மற்றும் பயண மேலாண்மையும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

கல்லூரியில் அதை எந்தத் துறை ஏற்று நடத்துவது? வணிகவியலுக்கு மாணவர் கூட்டம் ஏற்கெனவே இருந்தது. வரலாற்றுத் துறைக்கோ சேர்க்கை குறைந்துகொண்டு வந்த காலம். கோயிற்கலை, கட்டடக்கலை, தொல்லியல் ஆகியவற்றைக் கற்பிக்க அங்கே ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆகவே பல இடங்களில் ‘வரலாறும் சுற்றுலாவும்’ என்று துறையின் பெயர் நீண்டது. இன்றும் அந்தப் பெயரோடு இயங்கும் துறைகள் தமிழ்நாட்டில் உண்டு. அதனால் கிடைத்த நன்மையை நான் மறுக்கவில்லை. மாமல்லபுரம் 1984-இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் தஞ்சையோடு இணைக்கப்பட்டன. நீலகிரி மலை ரயில் 2005-இல் சேர்ந்தது. இவை ஒவ்வொன்றும் எந்தத் தகுதியால் பட்டியலில் ஏறின என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த மாணவர்களை அந்தத் துறைகள் உருவாக்கின. ஆனால் அடிப்படையில் கணக்குப் பாடமாக இருக்க வேண்டிய ஒன்று வரலாற்றுப் பாடமாகவே நடத்தப்படும் வழக்கமும் அப்போதுதான் வேரூன்றியது. செலவும் வரவும் பாடத்திட்டத்தின் கடைசிப் பருவத்துக்கு ஒதுங்கின.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ஓட்டல் மேலாண்மையும் கேட்டரிங்கும் வேறு படிப்பு. சமையல், உணவு பரிமாறுதல், ஹவுஸ்கீப்பிங் எனப்படும் அறைப் பராமரிப்பு, ஃப்ரண்ட் ஆபீஸ் எனப்படும் வரவேற்புப் பணி ஆகிய நான்கும் அதன் தூண்கள். சென்னைத் தரமணியில் உள்ள நிறுவனத்தைப் போன்ற மத்திய நிறுவனங்களில் சேரத் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு உண்டு. சுற்றுலா மேலாண்மை மாணவர் அடுப்பின் அருகே போவதில்லை; ஓட்டலைத் தாம் வாங்கி விற்கும் பல சேவைகளுள் ஒன்றாகவே அவர் பார்க்கிறார். பட்டத்தின் பெயரும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பி.ஏ., பி.பி.ஏ., பி.டி.டி.எம். (சுற்றுலா மற்றும் பயண மேலாண்மையில் இளநிலை), முதுநிலையில் எம்.டி.டி.எம்., எம்.பி.ஏ. என்று பல பெயர்களில் ஏறத்தாழ ஒரே பாடம் நடத்தப்படுகிறது. கற்பிக்கும் பணிக்குப் போக விரும்புவோருக்கான ‘நெட்’ எனப்படும் தேசியத் தகுதித் தேர்விலும் சுற்றுலா நிர்வாகம் மற்றும் மேலாண்மை என்ற தனிப்பாடம் இருக்கிறது. சேருமுன் பட்டத்தின் பெயரைவிட, அதில் கணக்கியலுக்கும் செலவுக் கணிப்புக்கும் எத்தனை தாள்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

வகுப்பில் என்னதான் இருக்கிறது? முதல் ஆண்டில் வரையறைகளும் சுற்றுலாப் புவியியலும் இருக்கும். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் உலகத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருப்பதும், அமெரிக்கக் கண்டங்கள் ஒன்று, ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் மேற்காசியாவும் இரண்டு, எஞ்சிய ஆசியாவும் பசிபிக்கும் மூன்று என்று அது எண்ணிட்டிருப்பதும் மாணவருக்கு வியப்பூட்டும் செய்திகள். சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்குச் சி.ஜே.பி. என்று விமான நிலையக் குறியீடுகளை மனப்பாடம் செய்வார்கள். அடுத்து டிக்கெட் பதிவு, விசா, நேர மண்டலக் கணக்கு, பயண முகமை நடத்துதல், சந்தைப்படுத்துதல், ஒரு வெளிநாட்டு மொழியின் தொடக்கநிலை, களப்பயணம், பயிற்சிக்கால அறிக்கை ஆகியவை வரும்.

இவற்றுள் டிக்கெட் பதிவுக்குத்தான் ஒரு காலத்தில் நேரடியான வேலைச் சந்தை இருந்தது. அமேடியஸ், கலிலியோ போன்ற பதிவு மென்பொருள்களின் கட்டளைகள் கைவசமானவருக்கு டிராவல் ஏஜென்சியில் நாற்காலி உறுதி. அந்த ஏஜென்சி பிழைத்ததோ விமான நிறுவனங்கள் கொடுத்த கமிஷனால். 2002-இல் ரயில் டிக்கெட் இணையத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் விமான டிக்கெட்டைப் பயணியே வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். விமான நிறுவனங்கள் அடிப்படைக் கமிஷனைப் படிப்படியாகக் குறைத்து, 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும்பாலும் கைவிட்டன. பெரிய நிறுவனங்களின் ஊழியர் பயணத்தைக் கையாளும் முகமைகளில் இன்றும் அந்த மென்பொருள் தெரிந்தவர்களுக்கு இடமுண்டு. எனினும், டிக்கெட் எடுத்துக் கொடுப்பதே தொழில் என்றிருந்த நிலை போய்விட்டது. அறையும் வண்டியும் வழிகாட்டியும் சாப்பாடும் சேர்ந்த முழுப் பயணத்தைக் கட்டி விற்பவருக்குத்தான் இப்போது இலாபம். அப்படிக் கட்டுவதற்கு வேண்டிய திறனோ பாடத்திட்டத்தில் ஒரே தாளாகச் சுருங்கிக் கிடக்கிறது.

அந்தத் தாளில் நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சென்னையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று மூன்று நாள் சோழர் கோயில் சுற்று ஒன்றை ஒரு மாணவர் திட்டமிடுவதாகக் கொள்வோம். இங்கே தருபவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள். பேருந்து வாடகை, வழிகாட்டியின் கூலி, உடன்செல்லும் மேலாளரின் செலவு ஆகியவை சேர்ந்து 75,000 ரூபாய். பத்துப் பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் இது மாறாது. அறைப் பங்கு, உணவு, நுழைவுக் கட்டணம் என்று தலைக்கு ஆகும் செலவு 4,000 ரூபாய். விலையை 7,000 ரூபாய் என்று வைத்தால், ஒவ்வொரு பயணியும் தம் செலவு போக 3,000 ரூபாயை அந்த நிலையான தொகைக்குத் தருகிறார். 25 பேர் சேர்ந்தால்தான் கைக்காசு போகாது. 35 பேர் என்றால் 30,000 ரூபாய் மிஞ்சும். 20 பேரோடு கிளம்பினால் 15,000 ரூபாய் நட்டம். இனி மாணவர் எடுக்க வேண்டிய முடிவுகள் தொடங்குகின்றன. 22 பேர் சேர்ந்திருக்கும்போது பயணத்தை ரத்துசெய்து பெயரைக் கெடுத்துக்கொள்வதா, சிறிய வண்டிக்கு மாறுவதா, கடைசி மூன்று இருக்கைகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? கடைசி இருக்கையை 4,500 ரூபாய்க்கு விற்றாலும் 500 ரூபாய் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் 7,000 கொடுத்து முன்பே பதிந்தவர் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் விலையை விசாரித்துவிட்டால், அடுத்த முறை அவரும் கடைசி நாள்வரை காத்திருப்பார்.

பணக் கணக்கைப் போலவே நேரக் கணக்கும் இரக்கமற்றது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். காலை ஏழு மணிக்குச் சென்னையை விட்டுக் கிளம்பும் பேருந்து கங்கைகொண்ட சோழபுரத்தை எப்போது அடையும், வழியில் காலையுணவுக்கு எவ்வளவு நேரம் போகும், முதியவர்கள் இருக்கும் குழுவுக்குக் கழிப்பறை நிறுத்தங்கள் எத்தனை என்று கூட்டிப் பார்க்காதவரின் திட்டம் பூட்டிய கதவின் முன்னால் முடியும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஆக்ராவின் தாஜ்மகாலுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. இத்தகைய விவரங்களை யாரும் கோட்பாடு என்று மதிப்பதில்லை. பயணத்திட்டம் நிற்பதும் விழுவதும் அவற்றால்தான். கோயிலின் விமானத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதக்கூடிய மாணவர், அந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற கேள்விக்குத் தடுமாறுவதை வாய்மொழித் தேர்வுகளில் காணலாம்.

ஒரு குழுவின் கணக்கு முடிந்தால் ஓர் ஊரின் கணக்கு தொடங்கும். புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980-இல் முன்வைத்த வாழ்க்கைச் சுழற்சி மாதிரி எல்லாப் பாடத்திட்டங்களிலும் உண்டு. சிலர் கண்டறிந்து வரும் கட்டம், உள்ளூரார் ஈடுபடும் கட்டம், வளர்ச்சி, நிலைபெறுதல், தேக்கம், அதன்பின் சரிவு அல்லது மறுமலர்ச்சி என்று ஒரு சுற்றுலாத்தலம் வளைகோடாகச் செல்கிறது என்பது அதன் சாரம். இதற்கு ஐரோப்பியக் கடற்கரைகளை உதாரணம் காட்ட வேண்டியதில்லை, உதகமண்டலம் போதும். 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறினார். பின்னர் அவர் கட்டிய கல் பங்களாவைச் சுற்றி ஆங்கிலேயரின் கோடைவாசம் வளர்ந்தது. 1899-இல் குன்னூர்வரை வந்த மலை ரயில் 1908-இல் ஊட்டியை எட்டியது. பிறகு பேருந்தும் காரும் வந்தன. இன்று கோடையில் மலைப்பாதையில் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்பதைப் பார்ப்பவருக்குப் பட்லரின் எந்தக் கட்டம் நடக்கிறது என்று விளக்க வேண்டியிராது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. தாங்கும் திறன் என்று பாடநூலில் ஒரு பத்தியாக இருந்த கருத்து, சோதனைச் சாவடியில் ஓர் எண்ணாக வந்து நின்றது. உள்ளூர் வாடகைக் கார் ஓட்டுநர்களும் விடுதி உரிமையாளர்களும் அதை எதிர்த்தார்கள். அவர்களுக்கு அந்த எண் வருமான இழப்பு. தண்ணீர் வண்டிக்காகக் காத்திருக்கும் குடியிருப்புக்கு அதே எண் நிம்மதி. எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. பொறியியலும் புள்ளியியலும் வேண்டிய வேலை என்பதால் அதில் குறை காண முடியாது. ஆனால் மாநிலத்தில் இத்தனை சுற்றுலாத் துறைகள் இருக்கும்போது, சுற்றுலாவின் மையக் கேள்வி ஒன்று நீதிமன்றத்தில் எழுந்தபோது அவற்றின் வாசற்படியை யாரும் மிதிக்காததை அந்தத் துறைகள் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு அதிர்ச்சிகள் பழகியவை. 1841-இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்கு இயக்கத்தாரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்ற தாமஸ் குக்கின் பெயரில் வளர்ந்த பிரிட்டிஷ் நிறுவனம், 2019 செப்டம்பரில் கடன் சுமையால் ஒரே இரவில் மூடப்பட்டது. விடுமுறைக்குச் சென்றிருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகளை அரசு திருப்பி அழைத்துவர வேண்டியிருந்தது. இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் 2012-லேயே வேறு உரிமையாளரிடம் போய்விட்டதால் அது பாதிக்கப்படவில்லை. மறு ஆண்டு கொரோனா வந்தது. 2019-இல் 1 கோடியே 9 லட்சமாக இருந்த வெளிநாட்டவர் வருகை 2020-இல் 27 லட்சமாகவும் 2021-இல் 15 லட்சமாகவும் விழுந்தது. அந்த ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் வங்கிகளுக்கும் மருத்துவமனை வரவேற்பு மேசைகளுக்கும் போனார்கள். மேலே பார்த்த நிலையான செலவுக் கணக்கை இந்தச் சரிவின்மேல் வைத்துப் பார்த்தால், பேருந்துக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த சிறு முகமைகள் முதலில் மூடியதன் காரணம் எளிதில் விளங்கும்.

வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பட்டமில்லாமல் தொழிலில் இறங்க முடியாது. சுற்றுலாவில் அப்படிப்பட்ட வேலி ஏதும் இல்லை. டிராவல்ஸ் தொடங்கப் பட்டம் தேவையில்லை. சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் நடத்தும் வழிகாட்டிச் சான்றிதழ்ப் பயிற்சிக்கும் இந்தப் பட்டம் நிபந்தனையன்று. ஆகவே, ஐந்தாண்டு அனுபவமுள்ள ஓட்டுநரும், பிரெஞ்சு கற்ற இலக்கியப் பட்டதாரியும், ஊரில் வீட்டைத் தங்குமிடமாக மாற்றிய செட்டிநாட்டுக் குடும்பமும் இந்தப் பட்டதாரியோடு ஒரே களத்தில் நிற்கிறார்கள். ஓட்டுநருக்குச் சாலை தெரியும், இலக்கியப் பட்டதாரிக்கு மொழி தெரியும், குடும்பத்திடம் வீடு இருக்கிறது. இந்தப் பட்டதாரியிடம் இருக்க வேண்டியது, இம்மூவரையும் ஒரே விலைப்பட்டியலில் சேர்த்து, யாருக்கும் நட்டமில்லாமல் ஒரு பயணத்தை நடத்திக் காட்டும் கணக்கு.

அந்தக் கணக்கைக் கையால் செய்து பழகும் இடம் பயிற்சிக்காலம்தான். அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. நம் கல்லூரிகளில் பயிற்சிக்காலம் பெரும்பாலும் கோடை விடுமுறையில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில் வைக்கப்படுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது உச்ச சீசன் என்பதால் உள்நாட்டுச் சுற்றுகளை நடத்தும் அலுவலகங்களில் கைக்கு வேலை நிறைய கிடைக்கும். கற்றுத்தர யாருக்கும் நேரமிருக்காது. வெளிநாட்டுக் குழுக்கள் தென்னிந்தியாவுக்கு வருவதோ அக்டோபரிலிருந்து மார்ச் வரை. இன்பவுண்ட் என்று தொழிலில் சொல்லப்படும் அந்தப் பிரிவில் மே மாதம் பயிற்சிக்குச் சேரும் மாணவர், காலியான நாற்காலிகளுக்கு நடுவே பழைய கோப்புகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, கையொப்பமிட்ட சான்றிதழோடு திரும்புகிறார். ஒரு முழுப் பருவத்தை நவம்பர் முதல் பிப்ரவரி வரை களத்துக்கென்று விட்டு, அந்தப் பாடங்களைக் கோடையில் நடத்த முடியும். அதற்குப் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை இடம் கொடுக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாமே நடத்துவதால், அவற்றுக்கு அந்தத் தடையும் அவ்வளவாக இல்லை. சேர்க்கை நேரத்தில் கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும் பெற்றோர், பயிற்சிக்காலம் எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.